கருவாட்டுக் கொல்லைக்கு லேசர் அலாரம்: பகலில் ஓர் அளவு, இரவில் ஓர் அளவு, எதை எல்லையாக வைப்பது?

உப்பனார்_கரை:

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரில் இருக்கிறோம். அம்மாவும் பெரியம்மாவும் வீட்டுக் கொல்லையில் கருவாடு போடுகிறார்கள், பெரும்பாலும் நெத்திலியும் சூடையும், கிடைத்தால் வாளை. பகலில் வலை விரித்துக் காயவைத்து, பொழுது சாய்ந்ததும் அள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவோம். பின்பக்க வேலியில் மீன் வண்டி வருவதற்காக விட்ட இடைவெளி இருக்கிறது, பத்து அடிக்குள்தான், கதவு கிடையாது. நாய்கள் அந்த வழியாகத்தான் வருகின்றன. ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, அந்த 61 நாளும் விற்பதற்காக இப்போதே போட்டுச் சேர்க்கிற சரக்கு இது. அம்மா இரவில் எழுந்து எழுந்து டார்ச்சோடு போய்ப் பார்க்கிறார், பகலெல்லாம் வெயிலில் நின்றுவிட்டு இதுவும் சேர்ந்தால் உடம்பு தாங்காது. அதை நிறுத்தத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

செய்திருப்பது இதுதான். அர்டுயினோ ஊனோ (புரோகிராம் எழுதி ஓட்டுகிற சின்ன போர்டு), கேஒய்-008 சிவப்பு லேசர் மாட்யூல், எதிர்ப்பக்கத்துக் கம்பத்தில் ஓர் எல்டிஆர் (வெளிச்சத்தை உணர்கிற சென்சார்). எல்டிஆரின் ஒரு காலுக்கு 5 வோல்ட், இன்னொரு கால் ஏ0 பின்னுக்கு, அங்கிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம். லேசருக்கு எப்போதும் 5 வோல்ட் போய்க்கொண்டே இருக்கிறது. ஏ0 பின்னில் படிக்கிற அளவு (0 முதல் 1023 வரை வரும்) 600-க்குக் கீழே இறங்கினால் பஸர் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் புரோகிராம். வீட்டுக்குள் வைத்துப் பார்த்தபோது அருமையாக வேலை செய்தது.

கொல்லையில் வைத்ததும் எல்லாம் மாறிவிட்டது. சாயங்காலம் வெயில் இருக்கும்போது கையால் மறைத்தாலும் பஸர் அடிக்கவில்லை, கம்ப்யூட்டரில் அளவைக் காட்டுகிற சீரியல் மானிட்டரில் 990-க்கு மேலேயே நிற்கிறது. சரி என்று எல்லையை 995-க்கு உயர்த்தினால், இருட்டின பிறகு லேசர் நேராக விழும்போதே 800 சொச்சம்தான் வருகிறது, உடனே விடாமல் அடிக்கத் தொடங்கிவிடுகிறது. இதற்கு நடுவில் பக்கத்து வீட்டு டியூப் லைட்டைப் போட்டால் அளவு இன்னொரு பக்கம் நகர்கிறது. பகலுக்கு ஒன்று இரவுக்கு ஒன்று என்று இரண்டு எல்லை வைக்கலாமா, இல்லை வேறு வழி இருக்கிறதா? கடையில் எல்லோரும் சென்சாரை மாற்று என்கிறார்கள், ஏன் மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.


பத்து_கிலோஓம்:

உங்கள் எண்களிலேயே பதில் இருக்கிறது தம்பி, உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

எல்டிஆர் என்பது வெளிச்சம் பட்டால் மின்தடை குறைகிற பொருள். சாதாரணமாகக் கிடைக்கிற 5 மில்லிமீட்டர் வகை நல்ல இருட்டில் 1 மெகாஓம் வரை போகும், மங்கின வெளிச்சத்தில் 10, 20 கிலோஓம், வெயிலில் சில நூறு ஓமுக்கு இறங்கிவிடும். வெயிலில் 300 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே 10 கிலோஓம் இருக்கிறது, ஆகவே அளவு 1023 பெருக்கல் 10000 வகுத்தல் 10300, அதாவது 993. உங்களுக்கு வந்த எண் அதுதான். இப்போது அதன்மேல் லேசரும் விழுந்து 300 ஓம் 270 ஆகிறது என்றால் அளவு 996. மூன்றே மூன்று எண் வித்தியாசம், அதைப் பிடித்து அலாரம் அடிக்கச் சொன்னால் எந்த எல்லை வைத்தாலும் நடக்காது. எல்டிஆர் வெளிச்சத்தை உணரத்தான் செய்கிறது, நீங்கள் போட்ட 10 கிலோஓம்தான் அந்த மாற்றத்தை மேலே நசுக்கிவிடுகிறது. அதை எடுத்துவிட்டு 1 கிலோஓம் போடுங்கள். அதே 300 ஓமுக்கு 787, லேசரோடு 270 ஓமுக்கு 805. வித்தியாசம் 18 ஆகிவிட்டது, ஒரு ரூபாய் ரெசிஸ்டரை மாற்றினதுக்கே.

அடுத்தது, எல்டிஆரைக் குழாய்க்குள் தள்ளுங்கள். அரை அங்குல பிவிசி பைப்பில் ஒரு சாண் நீளம் வெட்டி, உள்ளே பளபளப்பில்லாத கறுப்புப் பெயிண்ட் அடித்து, எல்டிஆரைக் கடைசியில் வையுங்கள். லேசர் நேர்கோட்டில் வருவதால் குழாய் அதைத் தடுக்காது, வானத்து வெளிச்சத்தில் பெரும்பங்கு நின்றுவிடும். குழாய் வைத்தபின் வெயில் நேரத்திலும் எல்டிஆர் 3 கிலோஓம் அளவில் நின்றால், லேசர் இல்லாமல் 256, லேசரோடு 400-க்கு மேல் வரும். குழாய் வாய் கிழக்கையோ மேற்கையோ பார்க்காமல் வடக்குப் பக்கம் பார்த்தால் இன்னும் நல்லது, காலை வெயிலும் மாலை வெயிலும் நேராக உள்ளே நுழையாது.

இதெல்லாம் தயாரிப்பு வேலைதான். முக்கியமானது இனிமேல். லேசரை எப்போதும் எரியவிடாதீர்கள். எப்போதும் எரிகிற லேசரும் ஒரு வெளிச்சம், சூரியனும் ஒரு வெளிச்சம், டியூப் லைட்டும் ஒரு வெளிச்சம், எல்டிஆருக்கு எது எதென்று எப்படித் தெரியும்? லேசரை நீங்களே அணைத்து அணைத்துப் போட்டால் உங்கள் வெளிச்சம் எது என்பது உங்களுக்கு மட்டும் தெரியும். லேசரை ஏற்றுங்கள், 40 மில்லிவினாடி பொறுத்து ஒரு அளவு எடுங்கள். அணையுங்கள், இன்னொரு 40 பொறுத்து இன்னொரு அளவு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். சூரியன் இரண்டிலும் இருக்கிறது, கழிந்துவிடும். மேகம் வந்தாலும் பொழுது சாய்ந்தாலும் அந்த 40 மில்லிவினாடிக்குள் ஒன்றும் மாறிவிடாது. மிஞ்சுவது லேசரின் பங்கு மட்டும். அந்த மிச்சம் இருந்தால் வழி சும்மா இருக்கிறது, மிச்சம் பூஜ்யத்துக்கு அருகே வந்தால் நடுவில் ஏதோ நிற்கிறது. 40 ஏன் என்றால் எல்டிஆர் மந்தமானது, வெளிச்சம் மாறினபின் அது தேறி வர 20, 30 மில்லிவினாடி எடுக்கும்.

இதில் இன்னொரு லாபம், யாராவது ஏமாற்ற நினைத்து டார்ச்சை எல்டிஆர் மேல் அடித்தால் பழைய புரோகிராம் ஏமாறும், இது ஏமாறாது. டார்ச் இரண்டு அளவையும் ஒன்றாக உயர்த்தும், வித்தியாசம் மறைந்துவிடும், அலாரம் அடிக்கும். லேசர் வயர் அறுந்தாலும் அப்படியே.

இரவில் 800 தான் வருகிறது என்றீர்கள் அல்லவா, 10 கிலோஓமுக்கு அந்த அளவு என்றால் எல்டிஆர் 2.8 கிலோஓமில் நிற்கிறது என்று அர்த்தம். நேரடியாக லேசர் விழுந்தால் அதைவிட நன்றாகக் குறைய வேண்டும். புள்ளி நடுவில் விழவில்லை, ஓரத்தில்தான் தொடுகிறது. அதைச் சரிபண்ணுங்கள்.

லேசரை நேராக அர்டுயினோ பின்னில் மாட்ட வேண்டாம். பின்னுக்கு 20 மில்லிஆம்பியர்தான் நல்லது, இந்த மாட்யூல் 30 வரை இழுக்கும். நடுவில் ஸ்விட்ச் மாதிரி ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், அதன் பேஸுக்கு 1 கிலோஓம்.


வில்லியனூர்_சாலிடர்:

கழித்துப் பார்க்கிற முறை சரியானது, மேலே சொன்னவர் நன்றாக விளக்கியிருக்கிறார். ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் நான் லேசரே வேண்டாம் என்பேன். மாட்யூலில் 5 மில்லிவாட் என்று எழுதியிருப்பார்கள், மலிவு மாட்யூலில் அந்த எண்ணை நம்பிக் கண்ணைப் பணயம் வைக்க முடியாது. நாய் உயரத்தில் வைக்கிற கதிர் தவழ்கிற குழந்தையின் கண் உயரமும்தான். வைத்தே தீர வேண்டும் என்றால் கதிர் தெருப்பக்கம் போகாமல், எல்டிஆருக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பலகை நிற்கும்படி வையுங்கள், தப்பின வெளிச்சம் அங்கேயே நின்றுவிடும்.

லேசருக்குப் பதில் அகச்சிவப்பு எல்இடி, எல்டிஆருக்குப் பதில் டிஎஸ்ஓபி 1738. டிவி ரிமோட்டின் சமிக்ஞையை வாங்குகிற அதே மூன்று கால் பொருள். 38 கிலோஹெர்ட்ஸில் துடிக்கிற வெளிச்சத்தை மட்டும்தான் மதிக்கும், மற்றதை உள்ளேயே வடிகட்டிவிடும். கழிக்கிற வேலையை அதுவே செய்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான் இதைத்தான் கொடுக்கிறேன், கண்ணுக்குப் பயமில்லை.

இதில் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. பின்னைத் துடிக்கவைக்கிற டோன் கட்டளையில் 38000 போட்டு எல்இடியை நிறுத்தாமல் எரியவிட்டால், டிஎஸ்ஓபி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இது ஏதோ இரைச்சல் என்று முடிவு கட்டி வாயை மூடிக்கொள்ளும். அது ரிமோட்டுக்காகச் செய்த பொருள், ரிமோட் எப்போதும் விட்டு விட்டுத்தான் பேசும். ஆகவே 600 மைக்ரோவினாடி துடிப்பு, அது முடிகிற நேரத்தில் வெளியீட்டுக் காலைப் படிப்பது, அப்புறம் 10 மில்லிவினாடி அமைதி, இப்படிப் போக வேண்டும். வெளிச்சம் தெரிந்தால் கால் பூஜ்யத்துக்கு இறங்கும், தெரியாவிட்டால் 5 வோல்ட்டில் நிற்கும், தலைகீழ். விட்டு விட்டு எரியவைக்க மனமில்லை என்றால் இதற்கென்றே செய்த டிஎஸ்எஸ்பி 4038 இருக்கிறது, ஆனால் கடைக்குப் போனால் சட்டென்று கிடைப்பது 1738 தான்.

இன்னொன்று, ஊனோவில் ஒரு நேரத்தில் ஒரு பின்னில்தான் டோன் ஓடும். பஸரையும் டோனில் ஓட்ட நினைத்தால் இரண்டில் ஒன்று ஓடாது, என்ன கோளாறு என்றே புரியாது. மின்சாரம் கொடுத்ததும் தானே கத்துகிற ஆக்டிவ் பஸர் வாங்கிவிடுங்கள்.

எல்இடிக்கு 220 ஓம் போட்டால் 17 மில்லிஆம்பியர், பத்து அடிக்குப் போதும். எரிகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது, போனின் முன்பக்கக் கேமராவில் பாருங்கள், ஊதா நிறத்தில் தெரியும். டிஎஸ்ஓபிக்கும் குழாய் வையுங்கள், வேறு காரணத்துக்காக: இது கூர்மையான காது உள்ளது, வெள்ளையடித்த சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சமே அதற்குப் போதும், நாய் நடுவில் நின்றாலும் ஒன்றுமே மறையவில்லை என்று சொல்லும்.


தேவனாம்பட்டினம்_வயர்:

சர்க்யூட்டைப் பற்றி இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள், நான் கம்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். கடற்கரை வீடுகளில் வெளி வயரிங் செய்கிறவன் நான், கெட்டுப்போய்ப் பார்க்கப் போகிற இடத்தில் முக்கால்வாசி சர்க்யூட் நன்றாகத்தான் இருக்கும், அதைப் பிடித்து நிறுத்தின கட்டைதான் சாய்ந்திருக்கும், இல்லை இணைப்பில் உப்பு ஏறியிருக்கும்.

வேலிக்கு நட்ட சவுக்குக் கட்டையிலேயே லேசரைக் கட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பத்து அடி என்பது 3 மீட்டர். 3 மீட்டர் தூரத்தில் லேசர் ஒரு டிகிரி திரும்பினால் புள்ளி 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். எல்டிஆரின் முகமே 5 மில்லிமீட்டர்தான், அப்படியென்றால் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு அசைந்தாலே போச்சு. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வந்ததும் வேலி ஆடுகிறதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பெயிண்ட் டப்பாவில் ஜல்லி சிமென்ட் கலவை போட்டு நடுவில் ஒரு இரும்புப் பைப் நிறுத்தி, டப்பாவோடு பாதி மண்ணில் புதையுங்கள், இரண்டு பக்கமும். வேலிக்கும் அதற்கும் தொடர்பே இருக்கக் கூடாது. உயரம் தரையிலிருந்து ஒரு அடி, தெருநாயின் நெஞ்சு அங்கேதான் வரும். பூனையும் வருகிறது என்றால் அரை அடிக்கு இறக்குங்கள், ஆனால் மழை பெய்தால் சேறு தெறிக்கும்.

புள்ளி விலகுகிற தொல்லைக்கு இன்னொரு மருந்து, எல்டிஆருக்கு முன்னால் பால் நிறத்து மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை ஒட்டுவது. புள்ளி அதில் எங்கே விழுந்தாலும் முழுவதும் ஒளிர்ந்து எல்டிஆருக்கு வெளிச்சம் போய்ச் சேரும். அளவு குறையும், ஆனால் நிலையாக இருக்கும். கழித்துப் பார்க்கிற முறையில் குறைந்த அளவே போதும் என்பதால் இது ஒத்துவரும்.

கண்ணாடி வைத்துக் கதிரைத் திருப்பிக் கொல்லை முழுவதும் சுற்றவிடலாம் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள், அதைச் செய்யாதீர்கள். கண்ணாடி ஒரு டிகிரி அசைந்தால் கதிர் இரண்டு டிகிரி அசையும், இரண்டு மூன்று கண்ணாடி சேர்ந்தால் காற்றடிக்கும் போதெல்லாம் அலாரம்தான். உப்பு படிந்து பின்பூச்சு போனால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

உப்புக்கு: சாலிடர் இல்லாமல் செருகுகிற பிரெட்போர்டையும் ஜம்பர் வயரையும் கொல்லைக்குக் கொண்டுபோகாதீர்கள். உள்ளே இருக்கிற கிளிப்பில் பச்சைக் களிம்பு ஏறி, இருக்கிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். டாட் போர்டில் சாலிடர் வைத்து, வேலை செய்கிறது என்று உறுதியானதும் நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு. எல்டிஆர் முகத்திலும் லேசர் லென்ஸிலும் மட்டும் படக் கூடாது. டப்பா மூடினதாக இருந்தாலும் அடிப்பக்கம் சின்னதாக ஒரு துளை விடுங்கள், உள்ளே வியர்க்கிற நீர் வெளியேற வேண்டும். அந்தத் துளையில் கொசுவலைத் துண்டு ஒட்டாவிட்டால் சிற்றெறும்பு குடியேறிவிடும். குழாய் வாயில் சிலந்தி வலை கட்டும், பல்லி படுக்கும், அதற்கு மருந்து இல்லை, மாலையில் தார்ப்பாய் போடும்போது ஒரு துணியால் துடைத்துவிடுங்கள்.

அலாரம் நாயை விரட்டாது தம்பி, உங்களை எழுப்பும், அவ்வளவுதான். வண்டி வந்துபோகிற நேரம் தவிர மற்ற நேரத்துக்கு ஒரு மூங்கில் படலும் சாத்தி வையுங்கள். இரண்டும் இருக்கட்டும்.


உப்பனார்_கரை:

அண்ணன்களுக்கும் வில்லியனூர்க்காரருக்கும் ரொம்ப நன்றி. 1 கிலோஓமும் குழாயும் போட்டு, லேசரை பிசி547 வழியாக அணைத்துப் போட்டுப் பார்த்தேன். மதிய வெயிலிலும் வித்தியாசம் 90-க்குக் கீழே இறங்கவில்லை, இருட்டில் 300-க்கு மேல், பக்கத்து வீட்டு லைட் போட்டாலும் அசையவில்லை. படல் கட்ட மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டில் குழந்தைகள் இல்லை, ஆனாலும் கறுப்புப் பலகை வைக்கிறேன்.

இப்போது இரண்டு சந்தேகம். வித்தியாசம் பகலில் 90, இரவில் 300 என்றால் எல்லையை எங்கே வைப்பது, மறுபடியும் பழைய கதைதானே? இன்னொன்று, ஒரு சுற்றுக்கு 80 மில்லிவினாடி ஆகிறது, ஓடுகிற நாய் அதற்குள் தாண்டிவிடாதா? அப்புறம் பஸரை அம்மா படுக்கிற அறையில் வைக்க வேண்டும், கம்பத்திலிருந்து 15 மீட்டர் இருக்கும். அர்டுயினோவை வீட்டுக்குள் வைத்து எல்டிஆர் வயரை அங்கே வரை இழுக்கலாமா?


பத்து_கிலோஓம்:

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். எல்டிஆர் வயரை 15 மீட்டர் இழுக்காதீர்கள், அவ்வளவு நீள வயர் வீட்டுக் கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை எல்லாம் அள்ளிக்கொண்டு வரும். அர்டுயினோ கம்பத்து டப்பாவிலேயே இருக்கட்டும், பஸர் வயர் மட்டும் வீட்டுக்குப் போகட்டும். பஸர் 30 மில்லிஆம்பியர்தான் எடுக்கும், 0.5 சதுர மில்லிமீட்டர் இரட்டை வயர் போய்வர 30 மீட்டருக்கு ஒரு ஓம் அளவு மின்தடை, இழப்பு கணக்கிலேயே வராது. அதற்கும் ஒரு பிசி547. எதிர்க்கம்பத்து லேசருக்குப் போகிற வயரை மட்டும் பைப்புக்குள் விட்டு அரை அடி ஆழத்தில் புதையுங்கள், மேலே வண்டி ஏறும்.

எல்லை: நிலையான எண் வேண்டாம். நிம்மதியாக இருக்கிற நேரத்து வித்தியாசத்தின் ஓடும் சராசரியை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பழைய சராசரியில் 100-க்கு 99 பங்கு, புதிய அளவில் ஒரு பங்கு சேர்த்தால் போதும். தசம எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள், முழு எண்ணாக வைத்தால் ஒரு பங்கு வெட்டுப்பட்டுப் போகும். எல்லை எப்போதும் அந்தச் சராசரியில் பாதி. பகலில் சராசரி 90 என்றால் எல்லை 45, இரவில் 300 என்றால் 150, தானாகவே நகரும். இதில் கவனமாக இருக்க வேண்டிய இடம், கதிர் மறைந்திருக்கும்போது சராசரியைத் தொடவே கூடாது. தொட்டால் நாய் நடுவில் படுத்துக்கொண்டிருக்கும்போது அதையே இயல்பான நிலை என்று கற்றுக்கொள்ளும், அப்புறம் அடிக்காது. சராசரி 40-க்குக் கீழே மெல்ல இறங்கினால் அது திருட்டு இல்லை, உப்போ தூசியோ படிந்திருக்கிறது. அதற்கு நிமிடத்துக்கு ஒரு முறை சின்னதாக ஒரு கீச் என்று வைத்துவிடுங்கள், துடைக்க வேண்டும் என்று வீட்டில் தெரியும்.

நாய் வேகம்: நாயின் உடல் நீளம் 60 சென்டிமீட்டர், வினாடிக்கு 5 மீட்டர் ஓடுகிறது என்றால் கதிர் 120 மில்லிவினாடி மறையும். உங்கள் சுற்று 80. ஒரு தடவை கட்டாயம் பிடிபடும், இரண்டு தடவை தொடர்ந்து பிடிபடும் என்று உறுதி சொல்ல முடியாது. ஒரே தடவையை நம்பி அடித்தால் விட்டில் பூச்சிக்கும் மழைத்துளிக்கும் அடிக்கும். இங்கேதான் எல்டிஆரின் மந்தம் இடிக்கிறது, கடைக்காரர்கள் சென்சாரை மாற்று என்று சொன்னதற்கு நியாயமான காரணம் இது ஒன்றுதான்.

அதனால் இரண்டாம் கட்டமாக, எல்டிஆரைவிட வேகமாக வெளிச்சத்தை உணர்கிற ஒரு போட்டோடிரான்சிஸ்டர் வாங்குங்கள். வாங்கும்போது தெளிவான உறை உள்ளதாகக் கேளுங்கள். கறுப்பு உறை போட்டது அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும், உங்களுடைய 650 நானோமீட்டர் சிவப்பு அதற்குத் தெரியாது, மாட்டிவிட்டு வேலை செய்யவில்லை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். கலெக்டர் 5 வோல்ட்டுக்கு, எமிட்டர் ஏ0-வுக்கு, அதே 1 கிலோஓம் கிரவுண்டுக்கு, வெயிலில் 1000-ஐத் தொட்டால் இன்னும் குறைவான ஓம். இது மைக்ரோவினாடிக் கணக்கில் பதில் சொல்லும், ஆகவே லேசரை ஒரு மில்லிவினாடி ஏற்றி, ஒரு மில்லிவினாடி அணைக்கலாம். ஊனோ ஒரு அளவெடுக்க 0.1 மில்லிவினாடிதான் எடுக்கும், இடம் இருக்கிறது. தொடர்ந்து 10 சுற்று மறைந்தால் அலாரம் என்று வையுங்கள், 20 மில்லிவினாடி ஆகும், எந்த நாயும் தப்பாது. பழைய டியூப் லைட் வினாடிக்கு 100 தடவை மினுக்கும், அந்த 20 மில்லிவினாடியில் இரண்டு முழு மினுக்கு அடங்கிவிடுவதால் பத்துச் சுற்றின் வித்தியாசத்தையும் கூட்டிப் பார்த்தால் அதுவும் தன்னாலேயே கழிந்துபோகும்.

அடித்தது அடித்ததாக இருக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். நாய் தாண்டினதும் கதிர் திரும்ப வந்துவிடும், அந்த நொடியே பஸர் நின்றால் தூங்குகிறவர் காதில் விழாது. 20 வினாடி விடாமல் அடிக்கட்டும். அதைப் புரோகிராமையே நிறுத்திவைக்கிற டிலே போட்டு எழுதாமல், ஓடின நேரத்தைச் சொல்கிற மில்லிஸ் வைத்து எழுதினால், அடிக்கிற நேரத்திலும் கதிரைப் பார்த்துக்கொண்டே இருக்கும், இரண்டாவது நாய் வந்தால் மறுபடி 20 வினாடி நீளும்.

பழைய எல்டிஆரைத் தூக்கி மண்ணில் போட வேண்டாம், அதற்குள் இருப்பது காட்மியம் சல்பைடு. எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாசல் விளக்கு தானாக எரிய உதவும்.


உப்பனார்_கரை:

நன்றி அண்ணா. சராசரி வைக்கிற யோசனை புரிந்தது, இன்றைக்கே எழுதிப் பார்க்கிறேன். கரண்டுக்கு என்ன செய்வது? இப்போது போன் சார்ஜரில்தான் ஓடுகிறது. கரண்ட் போகிற இரவில்தான் நாய் வரும். பவர் பேங்க் மாட்டினால் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது.


தேவனாம்பட்டினம்_வயர்:

பவர் பேங்க் அணைவது கோளாறு இல்லை, போன் நிறைந்துவிட்டது என்று நினைத்து நிறுத்திக்கொள்கிறது. ஊனோவும் லேசரும் சேர்ந்து 80 மில்லிஆம்பியர்தான் எடுக்கும், பல பவர் பேங்குகளுக்கு அது ஒன்றுமே மாட்டாத மாதிரி.

கடலூரில் 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபின் பல நாள் இருட்டில் கிடந்ததைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் கரையேறினதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த அளவுக்குத் தயாராக வேண்டாம், அப்போது யாரும் கருவாடு காயவைக்கப் போவதில்லை. இரண்டு இரவு தாங்கினால் போதும். யுபிஎஸ்ஸில் போடுகிற 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி சீல் பேட்டரி ஒன்று வாங்குங்கள். 7-ஐ 0.08-ஆல் வகுத்தால் 87 மணி நேரம், அந்த வகை பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், ஆகவே 40 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராக அர்டுயினோவின் வட்டச் சாக்கெட்டில் மாட்டலாம், ஆனால் சார்ஜ் ஏறும்போது 13.8 வோல்ட் போகும், போர்டில் இருக்கிற ரெகுலேட்டர் மூடின டப்பாவுக்குள் சுடும். எல்எம்2596 பக் மாட்யூல் வைத்து 5 வோல்ட்டாக இறக்கி 5 வோல்ட் பின்னில் கொடுங்கள், சூடும் இருக்காது, பேட்டரியும் இன்னும் கூட நேரம் நிற்கும்.

மாட்யூலின் திருகை மல்டிமீட்டரில் பார்த்து 5 வோல்ட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அர்டுயினோவில் மாட்ட வேண்டும். வாங்கும்போது அது எங்கே வேண்டுமானாலும் நிற்கும், 5 வோல்ட் பின்னுக்குப் பின்னால் போர்டில் எந்தக் காப்பும் கிடையாது. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று போடுங்கள். பேட்டரியை வீட்டுக்குள் வைத்து 12 வோல்ட்டைப் பஸர் வயரோடு சேர்த்துக் கம்பத்துக்குக் கொண்டுபோகலாம், நாலு கோர் வயராக வாங்கினால் ஒரே பைப்பில் முடிந்துவிடும்.